தாமிரபரணிக் கரையில் கோடைக்கால அவுட்டோர்: புதிதாக வரைய வருபவர்களுக்கு

சித்திரை வெயிலில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து படம் வரையப் போகிறேன் என்றால், "வேற காலமே கிடைக்கலியா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் தாமிரபரணியை வரைய வேறு காலம் இவ்வளவு தோதுப்படாது. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கலங்கலாகி, படித்துறையின் மேல்படி வரை ஏறி நிற்கும். பெருவெள்ளம் வரும் வருஷங்களில் குறுக்குத்துறை முருகன் கோயிலே தண்ணீருக்குள் போய்விடும். உற்சவரைக் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கோடையில் ஆறு இறங்கிப் பாறைகளுக்கு நடுவே தெளிந்து ஓடும். கல்மண்டபத்தின் கால்கள் அடிவரை தெரியும். படித்துறையின் கடைசிப் படியைக்கூட எண்ணிவிடலாம்.

இதே ஆசையோடு ஏப்ரலில் கும்பகோணமோ திருவையாறோ போனால் பெரும்பாலும் மணலைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல்தான் திறப்பார்கள், அதுவும் அணையில் இருப்பு இருந்தால். தாமிரபரணி பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, புன்னக்காயல் பக்கம் கடலில் சேரும்வரை ஒரே மாநிலத்துக்குள் ஓடுகிற ஆறு. இரண்டு பருவமழையும் கிடைப்பதால் மே மாதத்திலும் ஓரளவு தண்ணீர் இருக்கும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நெல்லைச் சீமையை வைத்தே சொல்கிறேன்.

எல்லாமே வாட்டர்கலருக்கான யோசனைகள். ஆயில் இப்போதைக்கு வேண்டாம். ஈரக் கான்வாஸை டவுன் பஸ்ஸில் தூக்கிவருவது தனிச் சோதனை, போதாததற்கு ஆற்று மணல் பறந்துவந்து ஒட்டும். அக்ரிலிக் இந்த வெயிலில் பேலட்டிலேயே தோல்கட்டிவிடும்.

நேரத்தை முடிவு செய்யுங்கள்

மே மாதம் நெல்லையில் சூரியன் ஏறக்குறைய 6 மணிக்கு உதித்து மாலை 6.30-ஐ ஒட்டி மறைகிறது. பன்னிரண்டரை மணி நேரப் பகலில் உங்களுக்கு உதவுவது இரண்டே துண்டுகள்: காலை 6.15 முதல் 9 வரை, மாலை 4.30 முதல் 6.15 வரை. நடுவில் இருக்கும் நேரத்தில் உடம்பு தாங்காது என்பது ஒரு காரணம். படமும் தாங்காது என்பது இன்னொன்று. நெல்லை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகைக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. சித்திரை பிறப்பதை ஒட்டிய ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். நட்டுவைத்த கல்லுக்குக்கூட நிழல் விழாது. நிழல் இல்லாவிட்டால் மண்டபத்துக்கும் கோபுரத்துக்கும் பருமன் இல்லை, எல்லாம் வெளுத்துத் தட்டையாகத் தெரியும். அனுபவசாலிகளே அந்த நேரத்தில் திணறுவார்கள்.

மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மே 28 வாக்கில் முடிகிற அக்னி நட்சத்திர நாட்களில், முதல்முறை வருகிறவர் காலைத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். ஒரு காலைக்கு ஒரு படம். ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற அளவிலான படம்.

திசைக்கணக்கும் ஒன்று உண்டு. பாபநாசத்திலிருந்து நெல்லை வரை ஆறு பொதுவாக மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது, மலை மேற்கே. காலையில் மேற்குப் பார்த்து உட்கார்ந்தால் பொதிகை மலையின் மடிப்புகள் மேல் நேர் வெளிச்சம் விழும், நீலமும் ஊதாவுமாக அடுக்கடுக்காகத் தெரியும். கிழக்குப் பார்த்தால் எதிர்வெளிச்சம். தண்ணீர் மினுங்கும், மரங்கள் கருத்துத் தெரியும். எதிர்வெளிச்சப் படம் பார்க்க அழகு, ஆனால் அரை மணி நேரத்தில் கண் கூசி, வண்ணத்தின் அழுத்தம் பிடிபடாமல் போய்விடும். புதியவர்கள் வெயில் பக்கவாட்டில் விழுகிற இடமாகப் பார்த்து உட்காருவதே நல்லது.

முதலில் நிழல், பிறகுதான் காட்சி

நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான். அவுட்டோர் போகிறவர்களில் பாதிப்பேர் அழகான காட்சியைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே பையைப் பிரிப்பார்கள். முக்கால் மணி நேரத்தில் வெயில் தாளின் மேல் ஏறும். வெள்ளைத்தாளில் நேர்வெயில் விழுந்தால் கண் சுருங்கி, வைக்கிற வண்ணமெல்லாம் வெளிறித் தோன்றும், கை தானாகவே அழுத்திப் போடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். அதனால் முதலில் 9 மணி வரை நிழல் தங்கும் இடங்களைத் தேடுங்கள். அங்கிருந்து என்ன தெரிகிறதோ அதை வரையுங்கள். ஆற்றங்கரையில் எங்கே உட்கார்ந்தாலும் வரைய ஏதாவது இருக்கும், நிழல்தான் எல்லா இடத்திலும் இருக்காது.

கணக்கு எளிது. மே மாதக் காலை 7 மணிக்கு ஒரு மரத்தின் நிழல் அதன் உயரத்தைப் போல நான்கு மடங்கு மேற்கே நீளும். 8 மணிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 9 மணிக்கு மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான். ஆகவே காலையில் மரத்துக்கு மேற்குப் பக்கமாக, அடிமரத்தை ஒட்டி உட்கார வேண்டும். நிழலின் நுனியில் குளுகுளுவென்று இருக்கிறதே என்று உட்கார்ந்தவர், வாஷ் (நிறையத் தண்ணீரில் கரைத்த வண்ணத்தைத் தாளில் பரப்புவது) போட்டு முடிப்பதற்குள் எழுந்து நகர வேண்டிவரும். மாலையில் இதையே கிழக்குப் பக்கமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். நிரந்தர நிழல் வேண்டுமென்றால் கல்மண்டபத்துக்குள் உட்காரலாம். தூண்களுக்கு நடுவே தெரியும் ஆறு, சட்டம் போட்ட மாதிரி தானாகவே அடங்கி நிற்கும்.

முடிந்தால் முந்தின நாள் மாலையே போய் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். பையில்லாமல், கையை வீசிக்கொண்டு. எந்த மரத்தடியில் எறும்பு இருக்கிறது, எந்தத் துறையில் துணி துவைப்பார்கள், சாக்கடை எங்கே கலக்கிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். மரத்தடி என்றதும் மேலே அண்ணாந்து பாருங்கள். இலைகளைச் சுருட்டிக் கட்டிய முசுறு எறும்புக் கூடு இருந்தால் அந்த மரம் வேண்டாம்.

பையில் என்ன இருக்கட்டும்

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள, லேசாகச் சொரசொரக்கும் கோல்ட் பிரஸ்ட் தாள், முடிந்தால் முழுக்கப் பருத்தியில் செய்தது. மெல்லிய டிராயிங் தாள் கோடை வெப்பத்தில் ஒரு வாஷிலேயே அலையடித்து, ஈரத்தை உறிஞ்சிப் பட்டைபட்டையாகக் காயும். பழி உங்கள் கையின் மேல் விழும். முழு இம்பீரியல் தாள் 22 × 30 அங்குலம். அதை எட்டாக மடித்து வெட்டினால் கிடைக்கும் 7.5 × 11 அளவு போதும். பெரிய படம் போட ஆசை இருந்தாலும் முதல் பருவத்துக்கு இதைத் தாண்ட வேண்டாம். வாஷ் காய்வதற்குள் முடிக்கிற அளவு இதுதான்.

ஈசல் என்கிற படம் வரையும் தாங்கி தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளின் பரீட்சை அட்டை ஒன்று, மாஸ்கிங் டேப், இரண்டு கிளிப். மடியில் வைத்து, கொஞ்சம் உங்களை நோக்கிச் சாய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிரஷ்ஷில் பெரியதாக ஒன்று கட்டாயம் வேண்டும்: ரவுண்ட் 12. அணில் முடியில் செய்த மாப் பிரஷ் கிடைத்தால் இன்னும் நல்லது, தண்ணீரை அதிகம் பிடித்துவைக்கும். கூடவே ரவுண்ட் 6, ஒரு அங்குல பிளாட், கோடு இழுக்க ஒரு ரிக்கர். 24 பிரஷ் செட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வண்ணம் ஆறு: அல்ட்ராமரீன் புளூ, செருலியன் புளூ, எல்லோ ஓக்கர், லெமன் எல்லோ, லைட் ரெட், பர்ன்ட் சியன்னா. கேமல் டியூப்களே போதும். கருப்பும் வெள்ளையும் வேண்டாம். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் கிடைக்கிற கருமை, டியூப் கருப்பைவிட உயிரோடு இருக்கும்; நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த சாம்பல், சியன்னாவைக் கூட்டினால் சூடான சாம்பல். ஆற்றங்கரைக் கல் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிப்பார்களே, அந்த ஸ்பிரே பாட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பேலட்டும் தாளும் காயாமல் அவ்வப்போது புகைபோல அடிக்கலாம். மருந்துக்கடையில் கிளிசரின் கிடைக்கும். வாஷ் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டால் காய்வது தாமதமாகும். இரண்டைத் தாண்டினால் படம் பிசுபிசுவென்றே இருக்கும்.

குடை கருப்பாக இருக்கட்டும். சிவப்பு, பச்சைக் குடையின் கீழ் உட்கார்ந்தால் அந்த நிறம் தாளின் மேல் படிந்து, கலக்கிற வண்ணமெல்லாம் ஏமாற்றும். கூலிங் கிளாஸுக்கும் இதே கதிதான், வண்ணம் கலக்கும்போது கழற்றிவிடுங்கள். வண்ணத்துக்கு ஒரு லிட்டர், குடிக்க இரண்டு லிட்டர் தண்ணீர். ஒரு துண்டு. ஒரு பழைய காடாத்துணி. மிச்சத்தை ஊரில் வாங்கிக்கொள்ளலாம். பதநீர், நுங்கு சீசனும் இதுதான்.

எங்கே போவது

முதல் காலைக்கு நெல்லை டவுனை ஒட்டிய குறுக்குத்துறை. ஆற்றுக்குள் பாறைமேல் நிற்கும் கோயில், காவியும் வெள்ளையும் பட்டையடித்த மதில், கல்மண்டபங்கள், படித்துறை என்று நூறு அடிக்குள் பத்துப் படம் இருக்கிறது. அந்தப் பத்தையும் ஒரே தாளில் அடக்கப் பார்க்காமல், ஒரு மண்டபம், அதன் பிம்பம், பின்னால் மரக்கூட்டம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோச்சன முதலியார் பாலத்தைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும். 1843-ல் திறக்கப்பட்ட கல்வளைவுப் பாலம் அது. ஆனால் வரிசையாகத் தூரத்தில் சிறுத்துக்கொண்டே போகும் வளைவுகளைப் போடுவது பென்சிலுக்கே பெரிய வேலை. ஒன்று கோணினால் பாலம் முழுக்கத் தொங்கும். பழகிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, அம்பாசமுத்திரமும் கல்லிடைக்குறிச்சியும். ஆறு இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடுகிறது, ரயில் பாலம் குறுக்கே போகிறது. நெல்லையிலிருந்து செங்கோட்டை செல்லும் ரயில் இரண்டு ஊரிலும் நிற்கும். மலை இங்கே கிட்டத்தில். கல்லிடைக்குறிச்சிக்குள் போனால் திண்ணை வைத்த வீட்டு வரிசைகளும், வெயில் ஏறினால் காயப்போட்ட அப்பளமும். ஆற்றை வரைந்து முடித்தவர்கள் அரை மணி நேரம் தெருவில் பென்சில் ஸ்கெட்ச் போட்டுவிட்டுத் திரும்பலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் திருப்புடைமருதூர். வீரவநல்லூரிலிருந்து உள்ளே போக வேண்டும். பஸ்ஸை நம்பாமல் ஆட்டோ பேசிக்கொண்டு போவது நல்லது. கடனா நதி தாமிரபரணியோடு சேரும் இடம். கரையெல்லாம் கிழட்டு மருத மரங்கள். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் நாயக்கர் காலத்துச் சுவரோவியங்கள் இருக்கின்றன. பார்க்க அனுமதி கிடைக்கிற நாளாக இருந்தால் விடாதீர்கள். ஊரைச் சுற்றிய மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடுகட்டும், அவற்றுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. சத்தம் போடாமல் உட்காருங்கள். கூடுள்ள மரத்தடியில் உட்கார்ந்தால் குடை விரித்தே இருக்கட்டும், காரணத்தை மேலே இருப்பவை விளக்கும்.

பாபநாசம் கடைசியாக. கோயில் படித்துறையில் எப்போதும் கூட்டம். குரங்குகள் பையைத் திறக்கத் தெரிந்தவை. காட்டுக்குள் மேலே போக வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும், புலிகள் காப்பகப் பகுதி. ஆனால் இடத்தின் அழகுக்குப் பழைய சாட்சி உண்டு. 1792-ல் தென்னாட்டைச் சுற்றிய ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் பாபநாசம் அருவியையும் குற்றாலத்தையும் வரைந்திருக்கிறார்கள். அவர்கள் நேரில் போட்டது பென்சில் கோடும் மெல்லிய வாஷும்தான். முழு வண்ணத்தில் நாம் பார்க்கும் அச்சுப்படங்கள் பல வருஷம் கழித்து லண்டனில் செய்தவை. ஒரே காலையில் முழுப்படத்தையும் முடிக்க முடியவில்லை என்று நொந்துகொள்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

உட்கார்ந்ததும்: முதல் 20 நிமிடம்

பிரஷ்ஷைத் தொடாதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். பிறகு தீப்பெட்டி அளவில் மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் காட்சியை மூன்றே டோனில் பிரியுங்கள்: வெள்ளை, நடுச்சாம்பல், கருமை. வானமும் வெயில் பட்ட படியும் வெள்ளை. தண்ணீரும் தூரத்து மரங்களும் சாம்பல். மண்டபத்தின் உள்ளும் மரத்தின் அடியும் கருமை. மூன்று கட்டத்தில் எது தூர இருந்து பார்த்தாலும் பளிச்சென்று புரிகிறதோ அதுதான் படம்.

பெரிய தாளில் 2பி பென்சிலால் மெலிதாகக் கோடு. கண்மட்டக் கோட்டை, அதாவது உங்கள் கண் உயரத்தில் படத்தின் குறுக்கே போகும் கிடைக்கோட்டை, முதலில் போடுங்கள். படித்துறையில் உங்களைவிட்டுத் தூரமாகப் போகும் கோடுகள் எல்லாம் அதை நோக்கியே ஓட வேண்டும். அடுத்து நிழலின் எல்லைகளைக் கோட்டிலேயே குறித்துவிடுங்கள். கோடைக்காலை நிழல் கண்ணெதிரே சுருங்கும். 7 மணிக்குப் பார்த்த நிழலை 7 மணிக்கே குறித்துவிட்டால், 8 மணிக்கு அது எங்கே போயிருந்தாலும் உங்களுக்குக் கவலையில்லை. குறிக்காதவர்கள் ஒரு தூணுக்கு 7 மணி நிழலும் அடுத்த தூணுக்கு 8 மணி நிழலும் போட்டு, இரண்டு சூரியன் உள்ள படம் கொண்டுவருவார்கள்.

அழிரப்பரை அழுத்தித் தேய்க்காதீர்கள். தாளின் மேல்தோல் உரிந்தால் அந்த இடத்தில் வாஷ் கறையாக இறங்கும்.

வண்ணம் வைப்பது

கோடையில் வாட்டர்கலரின் எதிரி அவசரமாகக் காய்வது. ஊட்டியில் பத்து நிமிடம் ஈரமாக இருக்கிற வாஷ் இங்கே ஒன்றிரண்டு நிமிடத்தில் காய்ந்து, ஓரத்தில் கோடு விடும். அதற்கு மூன்று தற்காப்பு. ஒன்று, தொடங்குவதற்கு முன்பே வானம், மணல், தண்ணீர் மூன்றுக்குமான கலவையைத் தேவைக்கு இரண்டு மடங்காகக் கரைத்துவைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கலக்க நிறுத்தினால் கதை முடிந்தது. இரண்டு, தாளின் பின்பக்கத்தையும் நனைத்து அட்டையில் ஒட்டவையுங்கள். மூன்று, பெரிய பிரஷ். எவ்வளவு பெரியது என்று சந்தேகம் வந்தால் இன்னும் ஒரு அளவு பெரியது.

முதல் வாஷ் மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக. நம் கோடை வானம் வாழ்த்து அட்டையில் வரும் நீலமாக இருக்காது. புழுதியும் வெக்கையும் சேர்ந்து வெளுத்திருக்கும். மேலே செருலியனை நிறையத் தண்ணீர் விட்டு, தொடுவானம் நெருங்க எல்லோ ஓக்கரைத் தொட்டும் தொடாமலும் சேருங்கள். அதே ஈரத்தில் மணலுக்கும் கல்லுக்கும் ஓக்கரும் லைட் ரெட்டும். வெயில் பட்ட இடங்களைத் தாள் வெள்ளையாகவே விட்டுவிடுங்கள்.

இது நன்றாகக் காயட்டும். வெயில் இங்கே உங்கள் பக்கம்: தாளை வெளியே நீட்டினால் இரண்டு நிமிடம். பிறகு நடுத்தர அழுத்தத்தில் மரக்கூட்டம், மதில், தூரத்துக் கரை. கடைசியாகக் கருமைகள், அதுவும் சில இடங்களில் மட்டும்.

குறுக்குத்துறை மாதிரியான காவிப்பட்டை மதிலில் எல்லோரும் தடுமாறுவார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். நிழலில் இருக்கும் வெள்ளைப்பட்டை வெள்ளையாக இருக்காது, வெயிலில் இருக்கும் காவியைவிடக்கூடச் சில சமயம் அழுத்தமாக இருக்கும். கண் இதை ஒப்புக்கொள்ளாது, ஏனென்றால் மனசுக்கு அது வெள்ளை என்று தெரியும். வழி இது: முதலில் காவிப்பட்டைகளை லைட் ரெட்டில், வெயில் நிழல் என்று பார்க்காமல் ஒரே அழுத்தத்தில் போடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் அல்ட்ராமரீனும் கொஞ்சம் பர்ன்ட் சியன்னாவும் கலந்த ஒளிபுகும் சாம்பலை, நிழல் விழுந்த பகுதி முழுக்கக் காவிக்கும் வெள்ளைக்கும் சேர்த்து ஒரே இழுப்பில் இழுங்கள். திரும்பத் தேய்த்தால் காவி கரைந்து கலங்கும். நிழலின் கீழ்ப்பகுதியில், ஈரம் இருக்கும்போதே ஓக்கரைத் தொட்டுவிடுங்கள். வெயில் பட்ட மணலும் படியும் திருப்பியனுப்பும் வெளிச்சம் அங்கே ஏறுகிறது. இந்தச் சூடு இல்லாவிட்டால் நிழல் செத்துப்போனதாகத் தெரியும்.

தண்ணீருக்கு வருவோம். கரையை ஒட்டிய தண்ணீரை மேலிருந்து பார்க்கிறோம், அதனால் அடியில் கிடக்கும் மணலும் கூழாங்கல்லும் தெரியும். அங்கே நிறம் பழுப்பு. தூரத்துத் தண்ணீரைச் சாய்வாகப் பார்க்கிறோம், அது வானத்தைக் காட்டும். அங்கே நிறம் வெளிர்நீலம். ஒரே ஆறு, காலடியில் பழுப்பாகத் தொடங்கித் தூரத்தில் வானமாக முடிகிறது. இதை மட்டும் சரியாகப் பிடித்தால் படத்தில் தண்ணீர் படுத்துக்கொள்ளும். ஆறு முழுக்க நீலம் அடித்தால் சுவர் மாதிரி எழுந்து நிற்கும்.

பிம்பம் எப்போதும் பொருளுக்கு நேர்கீழே செங்குத்தாக இறங்கும். நிழல் வெயிலுக்கு எதிர்த்திசையில் சாயும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கருமையான பொருளின் பிம்பம் ஒரு மாற்று வெளிறியும், வெளிறிய பொருளின் பிம்பம் ஒரு மாற்று அழுந்தியும் இருக்கும்.

மருத மரத்தின் பட்டை பழுப்பு என்று நினைத்துக்கொண்டு போடாதீர்கள். கிட்டே போய்ப் பாருங்கள்: வழுவழுப்பான வெளிர்சாம்பல், பட்டை செதில் செதிலாக உரிந்த இடத்தில் மெல்லிய ரோஜாநிறம், நீரோரத்து வேரில் வெள்ளக்கோட்டின் கறை. இலைக்கு டியூப் பச்சை வேண்டாம். அல்ட்ராமரீனும் ஓக்கரும் கலந்தால் வரும் மங்கிய பச்சை கோடைக்குப் பொருந்தும். வெயில் பட்ட நுனிக்கு லெமன் எல்லோ.

படத்தில் ஆள்

துறையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தபோது குடத்தோடு வந்த ஒரு ஆச்சி நின்று பார்த்துவிட்டு, "ஆளே இல்லாம ஒரு துறை இருக்குமா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குமேல் நல்ல விமர்சனம் எனக்கு வாய்த்ததில்லை. இரண்டு மூன்று ஆட்களை வையுங்கள். தலைக்கு ஒரு புள்ளி, மயிரிழை இடைவெளி விட்டு, தோளிலிருந்து கீழே கூர்ந்து இறங்கும் ஒரே தீற்றல். தோளில் துண்டு இருந்தால் தாள் வெள்ளையாக விட்டுவிடுங்கள். கண், மூக்கு, விரல் எதுவும் வேண்டாம். தலையைச் சிறிதாகப் போடுங்கள், பெரிதானால் எல்லோரும் குழந்தைகளாகிவிடுவார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே மட்டத்தில் ஆட்கள் நின்றால், கிட்டே இருப்பவரானாலும் தூரத்தில் இருப்பவரானாலும் கண்மட்டக் கோடு எல்லோருக்கும் ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் போகும்.

துறையில் நடந்துகொள்ளும் விதம்

குளிக்கிற துறை என்பது ஊராரின் குளியலறை. பெண்கள் குளிக்கும் பக்கம் பார்த்து உட்காரக் கூடாது, செல்போனை எடுக்கவே கூடாது. ரெஃபரன்ஸ் போட்டோ வேண்டுமென்றால் ஆள் இல்லாத பக்கம் திருப்பி எடுங்கள். சந்தேகமாக யாராவது பார்த்தால் படத்தை நீங்களே காட்டிவிடுங்கள். "அண்ணாச்சி, நம்ம மண்டபத்தைத்தான் வரையுதேன்" என்றால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். கோயில் படியில், மண்டபத்துக்குள் உட்காருவதற்கு முன்னால் அர்ச்சகரிடமோ காவலாளியிடமோ ஒரு வார்த்தை.

பையன்கள் கூடுவார்கள். "என்ன வரையுதிய? கோபுரம் சாஞ்சிருக்கே!" எரிச்சல்பட வேண்டாம், பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஒருவனிடம் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் கொடுத்து உட்காரவைத்தால் மற்றவர்கள் அவனைச் சுற்றிப் போய்விடுவார்கள்.

ஆற்றுக்கு நடுவில் இருக்கும் பாறையில் போய் உட்காராதீர்கள், பாபநாசம் பக்கம் நிச்சயமாகக் கூடாது. பாசி வழுக்கும். அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் உயரும், கவிழ்ந்து வரைகிறவருக்கு அது தெரியாது. தனியாகப் போகிறவர் யாரிடமாவது இன்ன துறை என்று சொல்லிவிட்டுப் போகட்டும். தலைசுற்றல், குமட்டல், வியர்வை நின்றுபோவது, இதில் எது வந்தாலும் படம் எந்த நிலையில் இருந்தாலும் மூடிவிட்டு எழுந்துவிடுங்கள்.

வண்ணம் கழுவிய தண்ணீரை ஆற்றில் கொட்டக் கூடாது. செருலியனில் கோபால்ட் இருக்கிறது. கேட்மியம் வண்ணங்கள் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். ஒரு காலி பாட்டிலில் ஊற்றி மூடி எடுத்துவந்துவிடுங்கள். பாபநாசத்தில் பரிகாரமென்று துணியை விட்டுவிட்டுப் போகிறவர்களே இந்த ஆற்றுக்குப் போதும்.

கிளம்பும்போதும் பிறகும்

9 மணிக்கு எழுந்துவிடுங்கள். படித்துறைக் கல் அப்போதே சுடத் தொடங்கியிருக்கும். இன்னும் ஐந்தே நிமிடம் என்று தோன்றும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் நல்ல படங்கள் பாழாகின்றன. தாளின் பின்னால் ஊர், தேதி, மணி, எந்தத் திசை பார்த்தீர்கள் என்பதைப் பென்சிலால் குறித்துவையுங்கள். அதே இடத்துக்கு அதே மணிக்கு மறுநாள் வந்தால் ஏறக்குறைய அதே வெளிச்சம் கிடைக்கும், விட்டதைத் தொடரலாம்.

வீட்டில் சுவரில் சாய்த்துவைத்துப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். திருத்தம் தேவைப்பட்டால் இரண்டு மூன்று தொடுப்புக்கு மேல் வேண்டாம். பெரும்பாலும் ஒரு கருமையை இன்னும் அழுத்துவதுதான் தேவைப்படும். பேலட்டைக் கழுவாமல் ஈரத்துணி போட்டு மூடிவைத்தால் வண்ணம் அடுத்த காலைக்கு உதவும். டியூப்களை வெயிலில் நிற்கும் காரிலோ பைக் பெட்டியிலோ விடாதீர்கள், உள்ளேயே இறுகிவிடும்.

மே கடைசி வரைதான் இந்த வாய்ப்பு. ஜூன் பிறந்தால் மேற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கும். நெல்லையின் ஆனி, ஆடிக் காற்று குடையைப் புரட்டும், தாளைப் பிடுங்கும். இரண்டு கிளிப் இருந்த இடத்தில் நாலு வேண்டும். கார் சாகுபடிக்கு அணை திறந்துவிட்டால் நீங்கள் உட்கார்ந்து வரைந்த கீழ்ப்படி தண்ணீருக்குள் போயிருக்கும், மேல்படிக்கு நகர்ந்து புதுக் கோணம் பிடிக்க வேண்டியதுதான்.